அரைப் பேர்: திம்புள்ளத் தேயிலையும் தேடுபொறியும்

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் "பேர்" என்றுதான் பெயர். பெரட்டுக்குப் போய், மலை ஏறி, கொழுந்து எடுத்து, நிறுவையில் சொன்ன கிலோ வந்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். கிலோ குறைஞ்சா அரைப் பேர். நாள் முழுக்க மழையில நின்னாலும் சரி, கணக்கு அதுதான். அந்தக் கிலோ 16, 18, 20 என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஆனால் விதி மாறுவதில்லை. வேலை செய்வது ஒன்று, அந்த வேலை புத்தகத்தில் ஏறுவது இன்னொன்று.

ஆன்லைனில் கடை நடத்துகிற எவருக்கும் இது உடனே விளங்கும். தேயிலை விற்க ஒரு இணையத்தளம் போடுகிறோம், கூடவே ஒரு வலைப்பூவும் எழுதுகிறோம். கூகுளின் இயந்திரம் வந்து நம்ம பக்கத்தைப் படிச்சிட்டும் போகுது. அதுக்குப் பிறகும் தன் அட்டவணையில் சேர்க்காமல் விடலாம். வந்து பார்த்தாச்சு, பேர் போடல. எழுதினவருக்கு உழைப்பு மிச்சம். அந்தப் பேர் விழ வைப்பதற்கான தொழில்நுட்ப வேலைகளைத்தான் டெக்னிக்கல் எஸ்.இ.ஓ. என்கிறார்கள்.

கேட்கப் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பொருளைத் தூரத்தில் இருப்பவன் தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒழுங்குபடுத்துவது எங்கள் மலையில் 140 வருசத்துப் பழைய தொழில். திம்புள்ள என்ற பெயர் எப்படி உலகம் முழுக்கத் தேடப்படும் சொல் ஆனது என்று பார்த்தால் தொழில்நுட்பமும் விளங்கும். அதில் யாருடைய பேர் விழவில்லை என்பதும் விளங்கும்.

முதலில் பாதை

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியைச் சாப்பிடத் தொடங்கியது. கோப்பி செத்த பிறகு பெருமளவில் தேயிலைக்கு மாறிய ஆரம்பப் பகுதிகளில் திம்புள்ளயும் ஒன்று. இன்று கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என்று நாம் சொல்கிற இடங்களின் தேயிலையெல்லாம் வியாபாரத்தில் திம்புள்ள என்ற ஒரே பெயருக்குள் வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 முதல் 1,600 மீட்டர் வரையிலான மலைகள். தை, மாசியில் அடிக்கும் காய்ந்த குளிர்காற்றில்தான் இங்கே நல்ல தேயிலை வரும்.

ஆனால் நல்ல தேயிலை மலையில் இருந்து என்ன பயன்? ரயில் 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. அதற்குப் பிறகுதான் திம்புள்ளப் பெட்டிகள் கொழும்புத் துறைமுகத்துக்குச் சுளுவாக இறங்கின.

இணையத்திலும் முதல் கேள்வி பாதைதான். தேடுபொறியின் இயந்திரம் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும். எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாத கட்டுரை, றோட்டு இல்லாத டிவிஷன் மாதிரி. பல கடைகளில் வலைப்பூ ஒரு மூலையில் கிடக்கும். பொருள் பக்கத்திலிருந்து கட்டுரைக்கும் வழி இருக்காது, கட்டுரையிலிருந்து பொருளுக்கும் இருக்காது. இதைச் சரிசெய்யக் காசே தேவையில்லை. எந்தப் பக்கங்கள் இருக்கின்றன என்று சொல்லும் சைட்மேப் கோப்பும், எங்கே வரவேண்டாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பும் அடுத்த படி. ரோபோட்ஸ் கோப்பு 1994இலேயே வந்துவிட்டது, கூகுளை விட மூத்தது. அதில் ஒரு வரி பிழைத்தால் முழுக் கடைக்கும் கேட் பூட்டின மாதிரி ஆகிவிடும்.

கெட்டலொக் என்ற தேடுபொறி

1883 ஜூலை 30 அன்று கொழும்பில் முதல் பொதுத் தேயிலை ஏலம் நடந்தது, சோமர்வில் கம்பெனியின் அலுவலகத்தில். அதற்கு முன்பு பெரிய சந்தை லண்டன்தான். ஏலம் என்றால் வாங்குபவன் தோட்டத்துக்கு வரமாட்டான். அவன் பார்ப்பது புரோக்கர் அனுப்பும் சாம்பிளையும், கெட்டலொக் என்ற அச்சடித்த பட்டியலையும்தான்.

அந்தப் பட்டியலின் அமைப்பைப் பாருங்க. லொட் இலக்கம், தோட்டத்தின் விற்பனைப் பெயர், இன்வொய்ஸ் இலக்கம், பி.ஓ.பி., பெக்கோ, டஸ்ட் போன்ற தரம், எத்தனை பொதி, எத்தனை கிலோ. எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே கட்டங்கள், ஒரே வரிசை. நூற்றுக்கணக்கான லொட்டுகளில் தனக்கு வேண்டியதை வாங்குபவன் சில நிமிடத்தில் பிடித்துவிடுவான். எங்கள் தேயிலை அற்புதம் என்ற வர்ணனைக்கு அங்கே கட்டமே கிடையாது.

2011இல் கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா என்ற பொதுச் சொல்தொகுதியை வெளியிட்டன. இது பொருள், இது விலை, இது கட்டுரை, இவர் எழுதியவர் என்று இயந்திரத்துக்குக் கட்டம் போட்டுச் சொல்வது. கொழும்புப் புரோக்கர்களுக்கு இதைப் பாடம் எடுக்கத் தேவையே இருந்திருக்காது.

கெட்டலொக்கின் இன்னொரு ஒழுங்கு, ஒரு சரக்குக்கு ஒரு பெயர். ஆன்லைன் கடையில் பெரிய தலையிடியே இதுதான். ஒரே தேயிலை 100 கிராமுக்கு ஒரு முகவரி, 250 கிராமுக்கு இன்னொன்று, விலை வரிசைப்படி பார்த்தால் மூன்றாவது, விளம்பரத்தில் இருந்து வந்தால் நாலாவது. மனுசருக்கு ஒரே பக்கம், இயந்திரத்துக்கு நாலு பக்கம். கிடைக்கும் மதிப்பு நாலாகப் பிரியும். இவற்றில் இதுதான் அசல் என்று சொல்லும் கெனோனிக்கல் குறியை 2009இல் மூன்று தேடுபொறிகளும் ஏற்றுக்கொண்டன. வலைப்பூவிலும் இதே சிக்கல் வரும். டேக் பக்கம், மாதப் பக்கம், வகைப் பக்கம் என்று ஒரே கட்டுரை நாலு இடத்தில் தலைகாட்டும்.

லண்டன் தேயிலை ஏலம் 1679இல் தொடங்கி, 1998 ஜூன் 29 அன்று கடைசியாக நடந்தது. கூகுள் கம்பெனியாகப் பதிவானது அதே 1998 செப்டெம்பரில். தற்செயல்தான், ஆனால் வரலாறு படிக்கிறவர்களுக்கு இந்த மாதிரித் தேதிகளைக் கண்டால் ஒரு சந்தோசம் வரும்! கொழும்பு ஏலம் இன்னும் நடக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது அது இணையத்துக்கு மாறியது.

பெயரை மாற்றாத புத்தி

1972இல் இந்த நாடு சிலோன் என்ற பெயரை விட்டு ஸ்ரீலங்கா ஆனது. தேயிலை மட்டும் சிலோன் டீயாகவே நின்றது. 1976இல் தேயிலைச் சபை வந்த பிறகும், சிங்க இலச்சினையிலும், இன்றுவரை அதே பெயர். காலனியப் பெயரைத் தூக்கிச் சுமக்கிறோமே என்று கோபப்படலாம், எனக்கும் அது உண்டு. வியாபாரக் காரணம் தெளிவானது. நூறு வருசமாக வெளிநாட்டுக் கடைகளில் ஆட்கள் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் வாங்கினார்கள். சொல்லை மாற்றினால் தேடி வருபவர்களைத் தொலைப்போம்.

வலைத்தளத்தில் ஒரு பக்கத்தின் முகவரியை மாற்றுவதும் இப்படித்தான். மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள் எல்லாம் பழைய முகவரிக்குத்தான் வரும். பழையதிலிருந்து புதியதுக்கு நிரந்தர வழிமாற்று, 301 என்பார்களே, அது போடாவிட்டால் வருகிறவர் வெறும் சுவரில் முட்டிக்கொள்வார். நாட்டுக்கு 301 போட முடியாது. கடைக்குப் போடலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1890இல் தோமஸ் லிப்டன் இங்கே வந்து தோட்டங்கள் வாங்கினார். தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பது அவருடைய விளம்பரம். ஆனால் கடைக்குப் போன பக்கெட்டில் பெரிதாக நின்றது லிப்டன் என்ற பெயர்தான். பல தோட்டத்துத் தேயிலையைக் கலந்தால் தோட்டப் பெயர் கலவைக்குள் கரைந்துபோகும். வியாபாரிக்குத் தெரிந்த திம்புள்ளத் தோட்டத்தின் பெயர் குடிப்பவருக்குத் தெரியாமல் போனது இப்படித்தான். சின்ன ஆன்லைன் கடை ஒன்று இந்த இடத்தில்தான் பெரிய கம்பெனியோடு மோதலாம். "தேயிலை" என்ற ஒற்றைச் சொல்லில் மோதி வெல்ல முடியாது. "மாசி மாசத்துத் தலவாக்கலை பி.ஓ.பி." என்று தேடும் ஆளுக்குச் சரியான பதில் எழுதலாம்.

எண்ணப்பட்டவர்கள்

இவ்வளவு கச்சிதமாகத் தேயிலைக்குப் பெயர் போட்ட அமைப்பு, அதைப் பறித்தவர்களுக்கு என்ன போட்டது?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களுக்குத் தகர டிக்கெட் கொடுத்தார்கள். அதில் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் அடிக்கப்பட்டிருக்கும். வழியில் யாரும் தொலையாமல் சரியான தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு. துண்டு என்று இன்னொன்று இருந்தது. கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம். அது 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அடையாள இலக்கம், கடன் பதிவு, செக்ரோல் எல்லாம் இருந்தன. ஆட்கள் அட்டவணைக்குள் இருந்தார்கள், ஆனால் தேடுபவன் துரையும் கங்காணியும் மட்டுமே.

1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் சி.வி. வேலுப்பிள்ளை பாராளுமன்றத்துக்குப் போனார். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, அந்த வாழ்க்கையை எழுத்தாக்கியவர். அடுத்த வருசமே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. பெரும்பாலான தோட்டத்து மக்கள் நாடற்றவர் ஆனார்கள். 1949 சட்டத்தோடு வாக்காளர் பட்டியலிலிருந்தும் பேர் போனது. மிச்சமிருந்தோருக்கான குடியுரிமைச் சட்டம் 2003இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் பல லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது, கடிதம் தோட்டத்து ஒபிஸுக்குத்தான் வரும். கூகுள் வரைபடத்தில் ஒரு கடையைப் பதியும்போது விலாசத்தை உறுதிப்படுத்தச் சொல்லும். லயத்துக் காம்பராவில் இருந்து கடை தொடங்கும் தங்கச்சி அந்த இடத்திலேயே நின்றுபோகலாம்.

மொழியிலும் இதே கதைதான். யுனிகோட் பரவுவதற்கு முன்பு இலங்கையில் பெருவாரியாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துக் குவியல். அப்படிச் செய்த பழைய பி.டி.எஃப். மலர்களில் "தலவாக்கலை" என்று தேடினால் சிக்காது. ஸ்கேன் செய்த படங்களும் அப்படியே. 2005இல் தொடங்கிய நூலகம் தளம் இதற்கு ஒரு வழி காட்டியது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் இலக்கம், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று யுனிகோடில் ஒரு பக்கம். உள்ளே படமாக இருந்தாலும் அந்தப் பக்கத்தைப் பிடித்து ஆவணத்துக்குப் போய்விடலாம். மறுபடியும் கெட்டலொக்தான்.

அப்போ நாம என்ன செய்யிறது?

கடை போட நினைக்கிற தம்பி, தங்கச்சிகளுக்குச் சில விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

திம்புள்ள, டிம்புல, திம்புல என்று ஊர்ப்பெயரை ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறோம். ஒன்றைத் தலைப்பில் வைத்து எல்லாக் கட்டுரையிலும் அதையே எழுதுங்க, மற்ற வடிவங்களைக் கட்டுரைக்குள் ஒருதரம் சொல்லிவிடுங்க. முகவரியில் தமிழ் எழுத்து வைத்தால் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும், "தேயிலை" என்ற ஒரு சொல்லே 54 எழுத்தாகும். அதனால் முகவரியைச் சின்னதாக வையுங்க. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுதினால் இது அதன் மறுமொழிப் பக்கம் என்று காட்டும் மொழிக் குறியைப் போடுங்க.

படங்களைச் சுருக்குங்க. பறித்த கொழுந்து அன்றைக்கே ஃபெக்டரிக்குப் போகாவிட்டால் கெட்டுவிடும். பக்கமும் அப்படித்தான், முக்கியமான பகுதி 2.5 செக்கனுக்குள் தெரிவது நல்லது என்பது கூகுளின் அளவு. கூகுள் இப்போது பக்கத்தின் போன் வடிவத்தைத்தான் முதலில் பார்க்கிறது. ஆகவே பக்கத்தை லெப்டொப்பில் மட்டுமில்லாமல், சிக்னல் குறைந்த இடத்தில் உங்க போனிலும் திறந்து பாருங்க.

கடைசியாக, படத்தின் விவரணையில் "தேயிலைத் தோட்டத்தில் பெண்" என்று மட்டும் போடாதீங்க. கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெயரில்லாத பெண்ணின் படம் நூறு வருசத்துக்கு மேலாகப் பக்கெட்டுகளில் இருக்கிறது. அவரிடம் கேளுங்க. சம்மதித்தால் அவருடைய பெயர், தோட்டம், எத்தனை வருசமாகக் கொழுந்து எடுக்கிறார் என்பதை எழுதுங்க. சம்மதிக்காவிட்டால் படமே வேண்டாம்.

இதனால் சம்பளம் கூடப்போவதில்லை. 2021இல் 1,000 ரூபாய் நாட்சம்பளம் கிடைத்தது பல வருசப் போராட்டத்தால், கூகுளால் அல்ல. இனி வரும் உயர்வும் அப்படித்தான் வரும். ஆனால் நாளைக்கு யாரோ ஒரு பிள்ளை தன் அம்மம்மாவின் தோட்டத்துப் பெயரைத் தமிழில் தட்டித் தேடும்போது, விற்பனைக்கு இருக்கும் பக்கெட்டோடு அங்கே வேலை செய்தவர்களின் பெயரும் வரவேண்டும். அந்தப் பக்கத்தை எழுதக்கூடிய ஆட்கள் நாமதான்.