குதிரேமுக்: கையெழுத்து முதலில், கணக்கு அப்புறம்

குதிரேமுக்ன்னு சொன்னா பெங்களூர் மென்பொருள் கூட்டத்துக்கு, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடிச்சு மலையேறப் போற இடம்னுதான் ஞாபகம் வரும். மடிப்பு மடிப்பாப் புல்வெளி, மடிப்புக்கு நடுவுல சோலைக்காடு, கூடவே அட்டைக்கடி. அதே மலையிலதான் கால் நூற்றாண்டு காலம் ஒரு பெரிய இரும்புத்தாதுச் சுரங்கம் ஓடிக்கிட்டு இருந்தது. அது வந்த கதையும் போன கதையும் சுவாரசியமானது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

கதை ஆரம்பிக்கறது தெஹ்ரான்ல. எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறி ஈரான் ஷா கையில் பணம் புரண்ட நேரம். இரும்பாலைகள் கட்ட ஆசைப்பட்டார், அதுக்குத் தாது வேணும். குதிரேமுக்கில் தாது இருக்குங்கறதை மைசூர் சமஸ்தானத்து நிலவியலாளர் சம்பத் ஐயங்கார் 1913லேயே கண்டுபிடிச்சு வச்சிருந்தார். ஆனா மட்டமான ரகம், இரும்பு 38 சதவீதம் அளவுக்குத்தான். அரைச்சு, கழுவி, காந்தம் வச்சுப் பிரிச்சாத்தான் விலை போகும். அப்படிச் செய்யப் பணம் தர்றேன்னு ஈரான் வந்தது. 1975ல் ஒப்பந்தம்: 63 கோடி டாலர் கடன், பதிலுக்கு இருபது வருஷத்துக்கும் மேலா 15 கோடி டன் செறிவூட்டிய தாது. 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலை அமலில் இருந்தப்போ, குதிரேமுக் இரும்புத்தாது நிறுவனம் என்ற அரசு நிறுவனம் பிறந்தது.

1979ல் ஈரானில் புரட்சி. ஷா நாட்டை விட்டே போயிட்டார். புது அரசு மிச்சக் கடனையும் தரலை, தாதுவும் வேணாம்னுட்டாங்க. அடுத்த வருஷம் இங்கே ஆலை தயார்! யாருக்காக மலையை வெட்டினாங்களோ அவங்களே வாங்கலை. அப்புறம் வேற நாடுகளைத் தேடிப் பிடிச்சு விக்க வேண்டியதாச்சு.

இதுல எனக்கு உறுத்துறது தேதிகள்தான். சுரங்கக் குத்தகை ஆரம்பிச்சது 1969. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972. வனப் பாதுகாப்புச் சட்டம் 1980. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம்னு அறிவிக்கை வந்தது 1994. அதாவது 'இதனால் என்ன பாதிப்பு வரும்?'னு கேக்கறதுக்கு ஒரு சட்டம் வர்றதுக்குள்ள மலையில பாதியை வாரி எடுத்தாச்சு. நம்ம பாஷையில சொன்னா, ரிலீஸ் பண்ணி இருபது வருஷம் கழிச்சு டெஸ்டிங் :-)

அந்தக் காட்டுல யார் இருந்தாங்கன்னு முதல்ல சொல்லணும். 1983-84ல் உல்லாஸ் கரந்த் கர்நாடகக் காடுகளில் சிங்கவால் குரங்குகளைத் தேடி ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். வால்பாறைப் பக்கம் போனவங்க பார்த்திருப்பீங்க, கரிய உடம்பு, முகத்தைச் சுத்தி நரைச்ச பிடரி, நம்மூரில் சோலைமந்தின்னும் சொல்வாங்க. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான் உண்டு. மரத்துக்கு மரம் கிளை வழியாவே போகிற ஜாதி. நடுவுல ஒரு ரோடோ குழாய்ப்பாதையோ போட்டு மரத்தை வெட்டினா, அந்தக் குரங்குக்கு அது சுவர் மாதிரி. குட்டி போடறதும் ரொம்ப நிதானமாத்தான். குதிரேமுக் காடுகளில் இதுங்க நல்ல எண்ணிக்கையில இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் தேசியப் பூங்கா யோசனை வலுத்தது. 1987ல் முதல் அறிவிக்கை, 2001ல் இறுதி அறிவிக்கை, சுமார் 600 சதுர கி.மீ.

நிறுவனத்துக்குச் சாதகமா எப்பவும் சொல்லப்பட்ட வாதம், பரப்பளவு. குத்தகை நிலம் சுமார் 4,600 ஹெக்டேர், அதாவது 46 சதுர கி.மீ. இவ்வளவு பெரிய காட்டுல இது எம்மாத்திரம்? அதுலயும் வெட்டினது இன்னும் குறைவு. காகிதத்துல பார்த்தா நியாயமாத்தான் தெரியும்.

ஆனா ஆலை வடிவமைப்பையே பாருங்க: வருஷத்துக்கு சுமார் 225 லட்சம் டன் தாது வெட்டி, அதுல 75 லட்சம் டன் எடுத்து, 67 கி.மீ. குழாயில குழம்பாக்கி மங்களூர் அனுப்பறது. மிச்சம் 150 லட்சம் டன்? சேறு. அதுக்காக லக்யா ஓடையை மறிச்சு சுமார் 100 மீட்டர் உயரத்துக்கு அணை கட்டினாங்க. ஒரு பள்ளத்தாக்கு அப்படியே சேத்துக்குள்ள போச்சு.

அணைக்குள்ள அடங்காதது இன்னொண்ணு இருக்கு. அந்த மலையில வருஷத்துக்கு 6,000 மி.மீ.க்கு மேல மழை, சென்னையைப் போல நாலு மடங்கு. புல் போர்த்திய மலையில அந்த மழை பெய்யறது வேற, தோலுரிச்ச மலையில பெய்யறது வேற. துங்கா, பத்ரா, நேத்ராவதி மூணும் பிறக்கிற கங்கமூலா இந்த மலைத்தொடரிலதான். ஜகதீஷ் கிருஷ்ணசாமி, கரந்த் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மழைக்காலத்துல பத்ராவில் வர்ற வண்டலை அளந்து 2006ல் வெளியிட்டாங்க. அவங்க அளந்த நீர்ப்பிடிப்பில் சுரங்கப் பகுதி எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆத்துல வந்த வண்டல்ல பாதிக்கும் மேல அங்கேருந்துதான். பரப்பளவுக் கணக்கு எங்கே இடறுதுன்னு இதுக்கு மேல தெளிவா காட்ட முடியாது. ஆத்து மீனுக்கும் தவளைக்கும் குத்தகை எல்லைக்கல் எங்கே இருக்குன்னு தெரியுமா என்ன?

முப்பது வருஷக் குத்தகை 1999ல் முடிஞ்சது. நீட்டிப்பு கேட்டாங்க, தற்காலிகமாக் கிடைச்சுக்கிட்டும் இருந்தது. நாகரஹொளேயில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்ற கே.எம். சின்னப்பா உச்ச நீதிமன்றம் போனார். அவர் மனு போய்ச் சேர்ந்த பெரிய வழக்குக்கும் நம்ம ஊருக்கும் சம்பந்தம் உண்டு: கூடலூர் பக்கம் காடு அழியறதைப் பார்த்து நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு 1995ல் போட்ட வழக்கு அது. 2002 அக்டோபர் 30ல் தீர்ப்பு. 2005 கடைசி வரைக்கும்தான் வெட்டலாம், அதோட சரி. 2005 டிசம்பர் 31ல் சுரங்கம் நின்னது.

ஒரு டவுன்ஷிப்பே காலியாச்சு. அங்கேயே பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போன பசங்களுக்கு அது ஊர்தானே. சூழல் ஆர்வலர்கள் இந்தப் பகுதியைச் சுருக்கமாத் தாண்டிப் போறது எனக்குப் பிடிக்கறதில்லை. முதல்லயே கணக்குப் போட்டிருந்தா அந்தக் குடும்பங்களை அங்கே கொண்டு போய்க் குடி வச்சிருக்கவே வேண்டாம்.

நிறுவனம் இன்னும் இருக்கு. பல்லாரி மாவட்டம் சண்டூர் பக்கத்துல தேவதாரி மலையில வெட்ட அனுமதி வாங்கினாங்க. குதிரேமுக்குல செய்ய வேண்டிய சீரமைப்பும் பாக்கித் தொகையும் முடியட்டும், அதுவரை வன நிலத்தை ஒப்படைக்காதீங்கன்னு 2024 ஜூனில் கர்நாடக வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே அதிகாரிகளுக்கு உத்தரவு போட்டார். அங்கே வெட்டப்படும்னு சொல்லப்பட்ட மரங்கள் 99,000க்கும் மேல. இந்தத் தடவை எண்ணிக்கையாவது வெட்டறதுக்கு முன்னாடி வந்திருக்கு.