புதுத்தோல் சத்தம்: இதய உறை அழற்சியும் நர்ஸ்களின் கவனிப்பும்

இதயத்தைச் சுற்றி இரண்டு படலங்கள் கொண்ட ஒரு பை இருக்கிறது. பெயர் பெரிகார்டியம். அதில் அழற்சி வந்தால் பெரிகார்டைட்டிஸ். மல்லாந்து படுத்தால் நெஞ்சுவலி கூடும். முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும். அதனால் நர்ஸ் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, நோயாளியை உட்காரவைத்து, சாய்ந்துகொள்ள முன்னால் ஒரு தலையணை வைப்பது. சின்ன விஷயம்தான், ஆனால் நோயாளிக்குப் பெரிய நிம்மதி.

1816ல் லென்னெக் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கினார். அவரிடம் பணியாற்றிய விக்டர் கொலான் 1824ல், இந்த நோயில் இதயத்தருகே புதுத்தோல் உரசுவது போன்ற சத்தம் கேட்பதை எழுதினார். நோயாளியை மூச்சைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். அப்போதும் சத்தம் தொடர்ந்தால் உரசுவது இதய உறை. நின்றுபோனால் பெரும்பாலும் நுரையீரல் உறை. சிக்கல் என்னன்னா, இந்தச் சத்தம் வரும், போகும். ராத்திரி 2 மணிக்கு நர்ஸ் கேட்டது காலையில் டாக்டர் வரும்போது இல்லாமல் போகலாம். கேட்ட நேரத்தைக் குறித்து வைத்தால்தான் அதற்கு மதிப்பு.

உண்மையான ஆபத்து பைக்குள் நீர் சேர்வது. நீர் இதயத்தை அமுக்கி, ரத்தம் நிரம்பவிடாமல் செய்யும் என்பதை ரிச்சர்ட் லோயர் 1669லேயே எழுதிவிட்டார். இங்கே அளவைவிட வேகம்தான் முக்கியம். மெதுவாகச் சேர்ந்தால் பை விரிந்து கொடுக்கும், ஒரு லிட்டரைக்கூடத் தாங்கும். சட்டென்று சேர்ந்தால் 200 மி.லி.யே உயிரை எடுத்துவிடும்.

1873ல் குஸ்மால் ஒரு விநோதத்தை விவரித்தார். நோயாளி மூச்சை இழுக்கும்போது மணிக்கட்டில் நாடி மங்குகிறது, இதயமோ துடித்துக்கொண்டே இருக்கிறது. இன்று இதை பிபி கருவியால் அளக்கிறோம்: மூச்சை இழுக்கையில் மேல் அழுத்தம் 10 மி.மீ.க்கு மேல் இறங்கினால் எச்சரிக்கை. 1935ல் கிளீவ்லாந்தின் கிளாட் பெக் மூன்று அறிகுறிகளைச் சேர்த்துச் சொன்னார்: பிபி குறைவது, கழுத்து நரம்பு புடைப்பது, இதய ஒலி மங்குவது. மூன்றும் ஒன்றாகத் தெரியும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும்.

1965ல் ஹார்வி ஃபைகன்பாம் இந்த நீரை அல்ட்ராசவுண்டில் காட்டினார். அதன்பிறகு சந்தேகத்தை உறுதிசெய்வது எளிதாகிவிட்டது. ஆனால் எக்கோ காட்டுவது அந்த நேரத்து நிலையை மட்டும்தான். பிபி 120லிருந்து 110, அப்புறம் 98 என்று இறங்குகிறது, நாடி ஏறுகிறது, நோயாளி காரணமில்லாமல் பதறுகிறார்: இதெல்லாம் திரும்பத் திரும்ப அளந்து எழுதியவருக்குத்தான் தெரியும். 98 மட்டும் தனியாக இருந்தால் 'கொஞ்சம் குறைவு', அவ்வளவுதான்.

நைட்டிங்கேல் 1859ல் வெளியிட்ட நர்ஸிங் குறிப்புகளில் நோயாளியைக் கவனிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் வைத்தார். இதய மருத்துவ வரலாற்றில் டாக்டர்களின் பெயர்கள்தான் அறிகுறிகளுக்கு நிலைத்தன. அவற்றை ராத்திரியில் முதலில் பார்த்து, எக்கோ வேண்டும் என்று டாக்டரை எழுப்புவது பெரும்பாலும் ஒரு நர்ஸ்.