மீரியபெத்த போகும் வழியில் வழுக்கிய கியர்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மித்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. மூன்றாம் நாள் விடிவதற்கு முன்னர் நாங்கள் கொழும்பிலிருந்து புறப்பட்டோம். அந்த அவலத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நானும் அப்போது பத்திரிகையில் எழுதினேன். ஆனால், அப்பயணத்தில் எங்களைச் சுமந்து சென்ற வானைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. மண்ணில் மனிதர்கள் புதைந்த கதைக்கு நடுவே ஒரு கியர் பெட்டியின் கதை எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுமையாக வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வான் வாடகைக்கு எடுத்தது. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த பழைய ‘ஒட்டோ கியர்’ வண்டி. சாரதி பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த இளைஞர். தாயும் தந்தையும் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் சேர்த்த பணத்தை முற்பணமாகக் கட்டி, மீதியை லீசிங்கில் போட்டு வாங்கிய வண்டி அது. இரத்தினபுரி, பலாங்கொடை தாண்டும்வரை குறையொன்றும் தெரியவில்லை. பெலிஹுல்ஓயாவைக் கடந்து ஹல்துமுல்லை ஏற்றத்தில் ஏறியபோதுதான் என்ஜின் அலறியது; வண்டியோ நகர மறுத்தது. அரைமணி நேரம் ஓரமாக நிறுத்திவைத்தால் மீண்டும் ஓடும், சிறிது தூரத்தில் மீண்டும் வழுக்கும். சாரதி என்ஜினை நிறுத்தி, அளவுக்கோலை உருவிப் பார்த்தார். “எண்ணெய் நிறைய இருக்குங்க சேர்” என்றார். ஒருவாறு பெரகலைச் சந்தியை அடைந்தோம். அங்கே கராஜ்காரர் ஒருவர் வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டு, “பெட்டி முடிஞ்சுது தம்பி, மாத்தத்தான் வேணும்” என்று தீர்ப்பு வழங்கினார். அவர் சொன்ன தொகை அந்த இளைஞரின் ஆறு மாதத் தவணைக்குச் சமம்.

நாங்கள் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் பிடித்து கொஸ்லந்தைக்குச் சென்றோம். அந்த இளைஞர் மழையில் வண்டியின் அருகிலேயே நின்றார். அவரது முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

தானாக மாறும் கியரின் வரலாறு மலைப்பாதையில் அல்ல, கடலில் தொடங்கியது. வேகமாகச் சுழலும் நீராவிச் சுழலியை மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறியுடன் இணைப்பது எவ்வாறு என்பது கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியியலாளர்களை வாட்டிய கேள்வி. ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜேர்மனியர் 1905இல் அதற்குத் தீர்வு கண்டு காப்புரிமை பெற்றார். இரும்பை இரும்பு தொடாமல், இடையில் உள்ள திரவமே விசையைக் கடத்தும் முறை அது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் இயக்கினால், அதன் காற்றில் மற்றதும் மெல்லச் சுழலுமல்லவா? காற்றுக்குப் பதிலாக எண்ணெய். தத்துவம் அவ்வளவே.

1930இல் பிரித்தானியாவின் டெய்ம்லர் நிறுவனம் இம்முறையைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. எனினும் கியரைத் தேர்ந்தெடுக்கும் வேலை சாரதியிடமே இருந்தது. அந்த வேலையையும் சாரதியின் கையிலிருந்து எடுத்துக்கொண்டது ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமெட்டிக். ஏர்ல் தொம்ஸன் என்ற பொறியியலாளரின் தலைமையில் உருவான அப்பெட்டி, 1940ஆம் ஆண்டு மாதிரி ஒல்ட்ஸ்மொபில் கார்களில் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அதுவே அமெரிக்க இலகு ரகத் தாங்கிகளிலும் பொருத்தப்பட்டது. 1948இல் பியூக் நிறுவனத்தின் டைனாஃப்ளோ, முறுக்கு விசையைப் பெருக்கித் தரும் ‘டோர்க் கொன்வேர்ட்டரை’ச் சாதாரண கார்களுக்குக் கொண்டுவந்தது.

இங்கே மனங்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கையால் கியர் மாற்றிய காலத்தில் நோயை அறிந்தவர் சாரதியே. நம் தோட்டங்களில் தேயிலைப் பெட்டி ஏற்றிய பெட்ஃபோர்ட் லொறிகளின் சாரதிகளுக்கு, கிளச் தேய்வது இடது பாதத்தில் தெரிந்தது. பல் உடைவது உள்ளங்கையில் தெரிந்தது. தானியங்கிப் பெட்டி பாதத்தையும் உள்ளங்கையையும் ஓய்வுக்கு அனுப்பியது. அதனுடன் நோயறியும் புலன்களும் ஓய்வு பெற்றன.

அவற்றின் இடத்தைப் பிடித்தது எண்ணெய். இப்பெட்டியில் எண்ணெய் வெறும் மசகு அல்ல. விசையைக் கடத்துவதும், கிளச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியேற்றுவதும் அதுவே. ஜெனரல் மோட்டர்ஸ் 1949இல் இதற்கெனத் தனி எண்ணெய்த் தரத்தை வகுத்தது. கிளச் தட்டுகள் சீராகப் பிடிக்க, அக்காலத்து எண்ணெயில் திமிங்கில எண்ணெய் கலக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கில எண்ணெயைத் தடைசெய்தபோது மாற்று இரசாயனங்களைத் தேட வேண்டியதாயிற்று. ஆதலால், எண்ணெயைப் பார்ப்பதே இப்பெட்டியின் நாடி பார்ப்பது. தெளிந்த சிவப்பு நலம். கருகிய மணத்துடன் கபில நிறமானால் தட்டுகள் எரிகின்றன. பால் கலந்த இளஞ்சிவப்பானால், ரேடியேற்றருக்குள் இருக்கும் குளிர்விப்பான் ஓட்டையாகித் தண்ணீர் கலந்துவிட்டது.

நம் நாட்டுக்கு இது வந்த கதை வேறு. ஜப்பானில் டொயோட்டா 1959இல் டொயோகிளைட் என்ற தன் முதல் தானியங்கிப் பெட்டியை அறிமுகம் செய்தது. 1969இல் ஐசின் நிறுவனம் அமெரிக்காவின் போர்க் வோர்னருடனும், 1970இல் நிசானும் மஸ்தாவும் ஃபோர்டுடனும் கூட்டுச் சேர்ந்து கியர் பெட்டி தயாரிக்கும் நிறுவனங்களை அமைத்தன. 1991இல் ஜப்பான், தானியங்கி வண்டிக்கு மட்டுமென்றே தனிச் சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கத் தொடங்கியது. இலங்கையில் 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் ஜப்பானியர் ஓட்டிக் கழித்த வண்டிகள் நம் துறைமுகத்தில் இறங்கலாயின. வண்டி வந்தது, அதை விளக்கும் நூல் வரவில்லை. வந்தாலும் ஜப்பானிய எழுத்தில் வந்தது. நம் மெக்கானிக்குகள் புரிந்ததைத் திருத்தினார்கள். புரியாததை முழுதாகக் கழற்றிவிட்டு, பஞ்சிகாவத்தையில் இன்னொரு பழைய பெட்டி வாங்கிப் பூட்டினார்கள். “பெட்டி முடிஞ்சுது” என்ற தீர்ப்பு பிறந்தது இந்த இடத்தில்தான். அவர்களைக் குறைகூறி எழுதவில்லை. படிக்கத் தராத பாடத்தில் பரீட்சை வைத்தால் வேறென்ன நடக்கும்?

மீண்டும் அந்த இளைஞரிடம் வருவோம். அவர் பதுளையில் தமக்குத் தெரிந்த முதிய பாஸ் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். பாஸ் முதலில் சொன்னது, “சில்லு உருள இழுத்துக்கொண்டு வராதே, லொறியில் ஏத்து” என்பதுதான். பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்பை இயக்குவது என்ஜின். என்ஜின் நின்றிருக்க வண்டியை இழுத்தால், உள்ளே பற்சக்கரங்கள் எண்ணெயின்றிச் சுழன்று எரிந்துபோகும். எரிபொருள் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு, என்ஜினையும் நிறுத்தி உருட்டும் நம் சாரதிகள் இதைக் கவனிக்க வேண்டும். பெட்டி மட்டுமல்ல, பிரேக்கும் அவர்களைக் கைவிடும். மலை இறக்கத்தில் ‘2’ அல்லது ‘எல்’ நிலைக்கு மாற்றி, என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்குவதே முறை.

இரண்டு நாள் கழித்துச் செய்திக்காகப் பதுளைக்குச் சென்ற நான், அந்தப் பட்டறையில் ஒரு முற்பகலைக் கழித்தேன். பாஸ் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினைச் சூடேற்றி, லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுசென்று மீண்டும் ‘பி’யில் வைத்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக்கோலை உருவினார். அதன் நுனியில் மட்டும் எண்ணெய் ஒட்டியிருந்தது! என்ஜினை நிறுத்தினால் மேலே சுற்றிக்கொண்டிருந்த எண்ணெயெல்லாம் கீழே வடிந்து அளவு கூடுதலாகக் காட்டும். இளைஞர் பெலிஹுல்ஓயாவுக்கு மேலே கண்டது அந்தப் பொய்யான நிறைவைத்தான். என்ஜினை நிறுத்திவிட்டு அளக்க வேண்டிய வண்டிகளும் உண்டு. அதனால்தான் அந்தந்த வண்டியின் முறையை அறிந்திருக்க வேண்டும் என்றார் பாஸ்.

அடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ‘என்’ நிலையிலிருந்து ‘டி’க்கு மாற்றினார். வண்டி மெல்ல உதறிப் பிடிப்பதற்கு எடுக்கும் நேரம், டொயோட்டா கைநூல்களின்படி 1.2 செக்கனுக்குள் இருக்க வேண்டும். ‘ஆர்’ நிலைக்கு 1.5 செக்கன். இவ்வண்டியில் இரண்டுமே பிந்தின. பின்னர் எல்லோரையும் விலகச் சொல்லி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பிரேக்கை முழுதாக மிதித்தபடி அக்சிலேற்றரையும் முழுதாக அழுத்தினார். ஐந்து செக்கனுக்கு மேல் இதைச் செய்யக்கூடாது, எண்ணெய் கொதித்துவிடும். என்ஜின் சுழற்சி ‘டி’யிலும் ‘ஆர்’இலும் இருக்க வேண்டியதைவிட உயர்ந்து சென்றது.

“முன்னுக்கு மட்டும் வழுக்கினால் முன் கிளச் போயிருக்கும். மூன்றாம் கியரும் ரிவர்ஸும் சேர்ந்து வழுக்கினால் அந்த இரண்டுக்கும் பொதுவான கிளச். எல்லாத்திலும் ஒரே நோய் என்றால், எல்லாத்துக்கும் பொதுவானது எது? எண்ணெயின் அழுத்தம்” என்றார் பாஸ். ஒரு வைத்தியர் மாணவருக்குச் சொல்வதைப் போலிருந்தது. அடித்தட்டைக் கழற்றினார். காந்தத்தில் மெல்லிய கரும்பொடி மட்டுமே படிந்திருந்தது. உலோகச் சில்லுகள் இல்லை. எண்ணெய் வடி கசடால் அடைபட்டிருந்தது. குளிர்விப்பானுக்குச் செல்லும் குழாயின் பூட்டில் நெடுநாள் கசிவு. எண்ணெய் குறைந்த பெட்டி ஏற்றத்தில் சரியும்போது பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. வடியும் குழாயும் புது எண்ணெயும் போட்ட பின்னர் அதே சோதனைகளைத் திரும்பச் செய்தார். எல்லாம் அளவுக்குள் வந்தன. செலவு, பெரகலையில் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

“இந்த வண்டி எத்தனை மாசமா உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது?” என்று பாஸ் கேட்டார். இளைஞர் தலையைச் சொறிந்தார். காலையில் கியர் விழச் சுணங்கியதையும், நிறுத்திய இடத்தில் சிவப்புத் துளிகள் கிடந்ததையும் அவர் கண்டிருந்தார். தவணை நெருக்கடியில் ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று தள்ளிப்போட்டிருந்தார்.

இன்று கணினி வந்துவிட்டது. 1996இலிருந்து அமெரிக்காவில் விற்கப்படும் கார்களுக்குப் பொதுவான நோயறி இணைப்பு கட்டாயமாயிற்று. பின்னர் மற்ற நாடுகளும் அவ்வழி வந்தன. சிறு கருவியைச் செருகினால் ‘பி0700’ என்று எழுத்து வரும். அதன் பொருள், கியர் பெட்டியின் கட்டுப்பாட்டில் ஏதோ கோளாறு என்பது மட்டுமே. ‘பி0730’ என்றால் கியர் விகிதம் தவறு. ஏன் தவறு என்று அது சொல்லாது. எண்ணெய் குறைந்தாலும் அது வரலாம், தட்டு எரிந்தாலும் வரலாம். கருவி காட்டுவது கதவு எது என்பதை. உள்ளே போவது மனிதனின் வேலை. கருவியைப் பார்த்ததும் பெட்டியை மாற்றச் சொல்பவர், பெரகலைத் தீர்ப்பைத்தான் புது மொழியில் வாசிக்கிறார்.

பதுளையிலிருந்து திரும்பும் வழியில் என்னால் பேச முடியவில்லை. மீரியபெத்தயில் நான் கேட்டுவந்த கதை அதுவாகவே இருந்தது. அம்மலை ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாக அந்நாட்களில் செய்திகள் வெளிவந்தன. நோய் அறியப்பட்டிருந்தது, எழுதியும் வைக்கப்பட்டிருந்தது. போக இடமின்றி மக்கள் அதே லயங்களில் இருந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோரை மண் கொண்டுபோன பின்னர், 2016இல் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்து மீண்டும் உயிர்களைக் கொண்டுபோயின.

இயந்திரமும் மலையும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். பெட்டி போனால் இன்னொன்று வாங்கலாம். அந்த இளைஞரின் தாமதத்தையும் அதிகாரத்தில் இருப்போரின் தாமதத்தையும் ஒரே தராசில் வைக்கவும் மாட்டேன். அவரிடம் பணம் இருக்கவில்லை. தாமதத்தின் விலையைக் கட்டவிருந்தவரும் அவரே. மற்றவர்களின் தாமதத்துக்கு விலை கட்டியவர்கள் லயத்தில் இருந்தவர்கள்.

அந்த வான் இன்னும் சில ஆண்டுகள் ஓடியது. மாதந்தோறும் முதலாம் திகதி, சமதரையில் நிறுத்தி, என்ஜின் ஓட அளவுக்கோலைப் பார்ப்பதாக அந்த இளைஞர் பின்னர் ஒருமுறை தொலைபேசியில் சொன்னார்.