இடம்பெயர்ந்தோர், பெயராதோர்: அந்தமான் நிக்கோபாரில் சிறார் உளநலத்தின் வரலாறு குறித்து

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் பயின்றுவந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், நாட்டின் கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் பொருந்தும் பதினைந்து வழிகாட்டு நெறிகளை வகுத்தது. உரிய சட்டம் இயற்றப்படும்வரை அவையே நடைமுறையில் இருக்கும். அவற்றுள் ஒன்று ஆலோசகர் பற்றியது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதிபெற்ற உளவள ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். அதனினும் சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள உளநல வல்லுநரோடு முறையான தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

பெருநிலத்துக்கு இது நியாயமான வரம்பே. சிறிய பள்ளியின் தலைமையாசிரியர் மாவட்டத் தலைநகர் மருத்துவமனைக்குப் பேருந்தில் ஒரு பிள்ளையை அனுப்பிவைக்க முடியும். சௌராவிலோ தெரசாவிலோ கச்சாலிலோ உள்ள பள்ளிக்கு ‘வெளி’ என்பது கடலைக் குறிக்கும். கப்பல் வரும் நாளைப் பார்த்திருந்து, வானிலை இடம்கொடுத்தால் மட்டுமே எட்டக்கூடிய வெளி அது. கார் நிக்கோபார் போர்ட் பிளேயரிலிருந்து (2024 முதல் அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பே அதைப்போல் இருமடங்குத் தொலைவு.

இத்தீவுகளின் தேவை சிறிதன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தற்கொலை விகிதத்தில் சிக்கிமுக்கு அடுத்த இடத்தில் அந்தமான் நிக்கோபார் இருந்தது: லட்சத்துக்கு 42.8. நாட்டின் சராசரி 12.4. இது எல்லா வயதினரையும் சேர்த்த விகிதம்; ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் மட்டுமே வாழும் ஒன்றியப் பகுதி என்பதால் சில மரணங்களே விகிதத்தை உயர்த்திவிடும் என்பதும் உண்மை. அவ்வாறாயினும் மும்மடங்குக்கு மேற்பட்ட வேறுபாட்டை எண்ணிக்கைச் சிறுமையால் மட்டும் விளக்கிவிட முடியாது.

ஆலோசகரை எங்கே அமர்த்துவது, யாரை அமர்த்துவது என்னும் கேள்விகளுக்கு விடை தேடுவோர் இருபது ஆண்டுகளுக்கு முன் இதே தீவுகளில் நடந்த ஓர் ஆய்வைத் திரும்ப வாசிப்பது பயன் தரும். கல்வித்துறையினர் அதை அதிகம் எடுத்தாள்வதில்லை. பேரிடர் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது காரணமாக இருக்கலாம்.

2004 டிசம்பர் 26 காலை எழுந்த ஆழிப்பேரலையில் இத்தீவுகளில் இறந்தோரும் காணாமற்போனோரும், அரசுக் கணக்கின்படியே, 3,500க்கு மேற்பட்டோர். பேரிழப்பு நிக்கோபார் மாவட்டத்துக்கே. 2001இல் 42,068ஆக இருந்த அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 2011இல் 36,842ஆகக் குறைந்திருந்தது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனத்து உளமருத்துவக் குழுக்கள் முதல் மூன்று மாதங்கள் முகாம்களில் பணியாற்றின. போபால் நச்சுவாயுக் கசிவு (1984), ஒடிசா புயல் (1999), குஜராத் நிலநடுக்கம் (2001) ஆகியவற்றினூடாக இந்தியப் பேரிடர் உளமருத்துவம் பெற்ற பட்டறிவு அவர்களுக்குத் துணையாயிற்று. உளமருத்துவர் எண்ணிக்கை எக்காலத்தும் போதாது என்பதால் ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், ஊர்ப் பெரியவர் ஆகியோருக்குப் பயிற்சியளித்து, அவர்கள் வழியே பெரும்பாலோரைச் சென்றடைவது என்பதே அப்பட்டறிவின் சாரம்.

சுரேஷ் பாடா மட், ஜான் பி. ஜான், சதீஷ் கிரிமாஜி முதலியோர் 2008இல் வெளியிட்ட ஒப்பாய்வு 74 முகாம்களில் இருந்த 12,784 பேரை உள்ளடக்கியது. அவர்களுள் 4,684 பேர் தம் தீவை விட்டுப் போர்ட் பிளேயர் முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். 8,100 பேர் கார் நிக்கோபாரிலேயே, ஊர் அழிந்தபின்னும் தம் மண்ணிலேயே தங்கியவர்கள். முன்னவரிடையே உளநோய் விகிதம் 5.2 விழுக்காடு, பின்னவரிடையே 2.8.

இவ்வெண்களை அவசரமாக வாசிக்கலாகாது. இரு சாராரும் எல்லா வகையிலும் ஒத்தவர் அல்லர். போர்ட் பிளேயருக்கு வந்தோருள் பல தீவினரும், பழங்குடியினர் அல்லாத குடியேறிகளும் கலந்திருந்தனர். மனச்சோர்வும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயும் இரு சாராரிடமும் ஒரே அளவில் காணப்பட்டன. தகவமைப்புக் கோளாறோ தங்கியவரிடமே மிகுதி. எனவே ‘ஊரில் இருந்தால் துயரில்லை’ என்று இந்த ஆய்வு கூறவில்லை. அலையைக் கண்ட கண்களுக்கு அலையின் நினைவு எங்கிருந்தாலும் ஒன்றே. பீதியும் பதற்றமும் காரணம் புலப்படாத உடல் நோவும் பற்றிக்கொள்வதில்தான் இடப்பெயர்வு வேறுபாட்டை உண்டாக்கியது என்பதே என் வாசிப்பு. தங்கியோரைத் தாங்கியவை எவை என்பதையும் ஆய்வாளர் குறித்துள்ளனர்: ஒட்டுறவுள்ள சமூகம், குடும்ப அமைப்பு, தன்னலம் கருதாத ஊர்த்தலைவர்கள், சமய நம்பிக்கை. மருந்துப் பட்டியலில் இல்லாத இச்சொற்களை மருத்துவர்களே தம் முடிவுரையில் எழுதினார்கள் என்பது கவனத்துக்குரியது.

சிறாரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரையும் அதே ஆண்டில் அக்குழுவினரிடமிருந்து வெளிவந்தது. மருத்துவர் முன் வந்த 37 சிறுவர், வளரிளம் பருவத்தினர் அதன் பொருள். தகவமைப்புக் கோளாறும் மனச்சோர்வும் ஐவர் ஐவரிடம். பீதிக் கோளாறும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய நோயும் நால்வர் நால்வரிடம். ஆழிப்பேரலை என்றவுடன் உலக ஊடகங்கள் எல்லாப் பிள்ளைகள் மேலும் ஏற்றிவைத்த அந்தக் கடைசி நோய், 37 பேருள் நால்வரிடமே காணப்பட்டது. குழுவாகக் கூடி விளையாடவும் வரையவும் பேசவும் வகைசெய்யும் சமூக அளவிலான பணியையே அக்குழுவினர் சிறாருக்கு வலியுறுத்தினர். முகாமில் அதற்கு இடம் எது? போர்ட் பிளேயரில் முகாம்களாயின பல பள்ளிக்கூடங்களே. பிள்ளைகளுக்கு அன்றாட ஒழுங்கை மீட்டுத்தர வேண்டிய கட்டடத்தில் பெரியவர்கள் பாய்விரித்துப் படுத்திருந்தார்கள். தவிர்க்க இயலாததுதான், எனினும் பள்ளி மணி மீண்டும் அடிக்கும் நாள் அதனால் தள்ளிப்போயிற்று.

கார் நிக்கோபாரின் குடும்ப அமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். துஹேத் என்பது பல தலைமுறையினர் சேர்ந்த பெருங்குடும்பம். நிலமும் தென்னையும் பன்றியும் அதற்கு உரியவை. தனியாளுக்கு உரியவை அல்ல. அங்கே பிள்ளைக்குப் பெற்றோர் இருவர் மட்டுமே என்று கணக்கிடுவது பொருந்தாது. அலைக்குப் பின் தமிழ்நாட்டரசு பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கென நாகப்பட்டினம், கடலூர் முதலிய இடங்களில் இல்லங்களைத் திறந்தது. தத்து என்னும் பெயரில் கடத்தல் நிகழாதவாறு காத்தது. அக்கரையில் அது செய்யத்தக்க நற்பணி. கார் நிக்கோபாரில் அத்தகைய பிள்ளைகளைத் துஹேத்துகளே ஏற்றுக்கொண்டன. ‘அநாதை’ என்னும் வகைப்பாடே அங்கே முழுதாகப் பொருந்தவில்லை.

அநாதை என்னும் சொல்லுக்கு இத்தீவுகளில் ஒரு பழைய, கசப்பான வரலாறும் உண்டு. 1858இல் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்ட ஐந்தாண்டுகளில், ராஸ் தீவில் பாதிரியார் கார்பின் ‘அந்தமான் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். அந்தமானியப் பழங்குடிகளை நாகரிகப்படுத்துவது நோக்கம். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. பின்னர் அந்தமானியச் சிறாருக்கென அங்கே அநாதை இல்லமும் நடத்தப்பட்டது. இனத்தாரோடு காட்டில் வாழ்ந்த குழுவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பிள்ளைகளே அதன் ‘அநாதைகள்’. 1877இல் பரவிய தட்டம்மை அந்தமானியரைக் கூட்டங்கூட்டமாக அழித்தது. தீவுகளில் நவீனக் கல்வி நிறுவனத்தின் முதல் முகம், உறவிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் முகமாக இருந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

நிக்கோபாரில் வேறொரு தொடக்கம் அமைந்தது; அதில் தமிழர் ஒருவருக்கும் பங்குண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் கார் நிக்கோபாரின் மூஸ் ஊருக்கு வந்த வேதப்பன் சாலமன் என்னும் உபதேசியார் அவ்வூரிலேயே பள்ளி நடத்தினார். அவரிடம் பயின்று, மாண்டலேவில் கல்வி தொடர்ந்து, திரும்பிவந்து அதே மூஸில் ஆசிரியரானவர் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரியில் பெயர்த்தவரும், 1950இல் ஆயரானவரும், 1952இல் இத்தீவுகளின் முதல் மக்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டவரும் அவரே. மதமாற்றத்தின் விளைவுகள் பற்றி மானிடவியலார் எழுப்பும் கேள்விகளை நான் ஒதுக்கவில்லை. ஆயினும் பள்ளி ஊருக்குள் இருந்தது; இரண்டாம் தலைமுறையில் ஆசிரியர் அவ்வூர்ப் பிள்ளையாகவே இருந்தார். 2005இல் மருத்துவர்கள் கண்ட ஒட்டுறவு, சமய நம்பிக்கை ஆகியவற்றில் இந்தப் பள்ளிக்கும் திருச்சபைக்கும் பங்கில்லை என்று சொல்ல இயலுமா?

குடியேறிகளின் பிள்ளைகளுக்கு இத்தகைய தாங்கல் வாய்க்கவில்லை. 1949 முதல் கிழக்கு வங்க அகதிகள் அந்தமானில் குடியமர்த்தப்பட்டனர். 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கிரேட் நிக்கோபாருக்கு வந்தன. சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின் (1964) பின் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சாலின் இரப்பர்த் தோட்டத்தில் அமர்த்தப்பட்டன. தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருமுறை பெயர்க்கப்பட்டோர் இரப்பர்த் தோட்டத்தில் வேரூன்ற முயன்ற அதே கச்சால்தான் 2004இல் மிகக் கடுமையாகத் தாக்குண்ட தீவுகளுள் ஒன்று. மலையகத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் நீலகிரியோடும் கொடைக்கானலோடும் நிறுத்திவிடுகிறார்கள். கச்சால் ஓர் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

ஆழிப்பேரலைக்குப் பிந்தைய மறுவாழ்வு மருத்துவரின் கண்டுபிடிப்புக்கு எதிர்த்திசையில் சென்றது. முதலில் தகரக் கொட்டகைகள். பல ஆண்டுகள் கழித்து நிலையான வீடுகள். கொட்டகையானாலும் வீடானாலும், இழப்பீடானாலும், அரசின் அலகு கணவன், மனைவி, பிள்ளைகள் கொண்ட தனிக்குடும்பம். துஹேத்துக்கு வங்கிக் கணக்கு கிடையாது. கைக்கு வந்த பணமும் தனித்தனி வீடும் பெருங்குடும்பத்தைப் பிளந்ததையும், குடி பெருகியதையும் நிக்கோபாரில் நீண்டகாலம் ஆய்வு செய்த சிம்ரன் ஜித் சிங் முதலியோர் எழுதியுள்ளனர். எந்த அமைப்பு பிள்ளைகளைத் தாங்கியது என்று ஒரு துறை எழுதிவைத்ததோ, அதையே மற்றொரு துறை தெரியாமலே தளர்த்தியது. தீய நோக்கம் எவருக்கும் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது, அவ்வளவே.

இன்றைய ஏற்பாடுகளுக்கு வருவோம். 2020இல் தொடங்கிய பள்ளிநலத் திட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியரை நலத்தூதுவராகப் பயிற்றுவிக்கச் சொல்கிறது. 2022 அக்டோபரில் டெலி-மானஸ் தொலைபேசிச் சேவை (14416) தொடங்கியது. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கம்பிவடம் கார் நிக்கோபார், கமோர்டா, கிரேட் நிக்கோபார் வரை செல்வதால், தொலைவழி ஆலோசனைக்கு முன்னில்லாத வாய்ப்பும் உண்டாயிற்று. இவற்றுள் எதையும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் தொலைபேசியில் பேசும் பிள்ளைக்கு மொழி வேண்டும். கார் நிக்கோபாரின் பேச்சு வேறு, சௌராவின் பேச்சு வேறு, நான்கவுரியின் பேச்சு வேறு. எட்டாம் அட்டவணையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அச்சத்தை இந்தியில் சொல்லத் தெரிந்த பிள்ளையே ஆலோசகருக்குக் கேட்கும் பிள்ளையாகிறது.

நூறு மாணவர் என்னும் வரம்பைத் தீவுகளுக்குத் தளர்த்தி, ஒரு தீவுக்கு ஓர் ஆலோசகர் என்று கொள்ளலாம். அவ்விடத்துக்குப் பெருநிலத்துப் பட்டதாரியை மூன்றாண்டுப் பணிமாற்றத்தில் அனுப்புவதைவிட, அத்தீவின் ஆசிரியர் ஒருவரையோ அங்கன்வாடிப் பணியாளரையோ பயிற்றுவித்து, அவருக்குப் பின்புலமாகப் போர்ட் பிளேயரின் உளமருத்துவரைத் தொலைவழியே நிறுத்துவது 2005இன் பட்டறிவோடு பொருந்தும். கேப்டன் என்று அழைக்கப்படும் ஊர்த்தலைவரும் பழங்குடி மன்றமும் அதில் முடிவெடுப்போராக இருக்க வேண்டும்; அன்று அவர்களை முடிவெடுப்பதில் சேர்த்துக்கொண்டதால்தான் மக்கள் முன்வந்தார்கள் என்று ஒப்பாய்வே பதிவு செய்துள்ளது. தகுதி குறித்த விதிகள் இதற்கு இடையூறாகும் என்பதை அறிவேன். விதியைத் திருத்துவது கப்பலைக் குறித்த நேரத்தில் வரச்செய்வதைவிட எளிது.

கிரேட் நிக்கோபாரின் மேற்குக் கரை ஊர்களிலிருந்து 2004இல் பெயர்க்கப்பட்ட நிக்கோபாரிகள் இன்னும் கேம்பல் பே அருகே ராஜீவ் நகர் முதலிய குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். பழைய ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று தொடர்ந்து கேட்டுவருகிறார்கள். அத்தீவில் திட்டமிடப்பட்டுள்ள துறைமுக, நகரத் திட்டத்துக்கு அளித்த இசைவைப் பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றதற்கு இக்கோரிக்கையும் ஒரு காரணம். அக்குடியிருப்புகளில் பிறந்த முதல் பிள்ளைகள் இப்போது பள்ளிப்படிப்பை முடிக்கும் வயதினர். 2005ஆம் ஆண்டின் அட்டவணையில் அவர்களுடைய பெற்றோர் ‘இடம்பெயர்ந்தோர்’ என்னும் பத்தியில் வருவர். பிள்ளைகளை எந்தப் பத்தியில் எழுதுவது?

2005, 2006இல் இத்தீவுகளின் தமிழ்வழி வகுப்புகளில் கற்பித்து, அன்றைய உளசமூகப் பயிற்சிகளில் கலந்துகொண்ட ஆசிரியர் எவரேனும் இதை வாசிக்க நேர்ந்தால், பயிற்சிக் கையேடுகளையும் வகுப்புக் குறிப்பேடுகளையும் பிள்ளைகள் வரைந்த படங்களையும் பழைய தாளுக்குப் போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். படியெடுத்துக்கொண்டு திருப்பித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.