டிஸ்டோனியாவுக்கான பொட்டுலினம் நச்சு மருத்துவமும் நோயாளர் மனநிறைவும்

டிஸ்டோனியா என்பது ஒருவரது விருப்பத்திற்கு அப்பாற்பட்டுத் தசைகள் இறுகி, உடலின் ஒரு பகுதியைத் திருகியோ கோணலாகவோ நிறுத்திவிடும் நரம்பியல் கோளாறு ஆகும். இப்பெயரை 1911 இல் செருமானிய மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் வழங்கினார். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி நிற்றல், கண்ணிமைகள் தாமாக இறுக மூடிக்கொள்ளுதல், எழுதும்போது மட்டும் விரல்கள் முறுக்கிக்கொள்ளுதல், குரல் நெரிபடுதல் ஆகியவை இதன் அறியப்பட்ட வடிவங்கள். இவற்றுள் முதலிரண்டிற்கும் பொட்டுலினம் நச்சு ஊசியே முதன்மையான மருத்துவமாக உள்ளது. இவ்வூசி நோயைக் குணப்படுத்துவதில்லை. ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு அடக்கி வைக்கிறது. எனவே நோயாளரின் நலனும் மனநிறைவும் இம்மூன்று மாதச் சுழற்சியோடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன.

வரலாறு

கெட்டுப்போன இறைச்சியால் ஏற்படும் நஞ்சூட்டை ஆராய்ந்த செருமானிய மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர், அந்நஞ்சு ஒருநாள் மருந்தாகவும் பயன்படலாம் என 1820களிலேயே கருதினார். அதனைச் சுரக்கும் பாக்டீரியாவை 1890களில் பெல்ஜியத்தின் எமில் வான் எர்மெங்கம் கண்டறிந்தார். அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணைச் சரிசெய்ய இதனை மனிதரில் பயன்படுத்தினார். 1989 இல் மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்திற்கும், 2000 இல் கழுத்து டிஸ்டோனியாவுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. முகச் சுருக்கம் நீக்கும் ஊசியாக மக்கள் இதனை அறிந்தது அதன் பின்னரே.

செயற்படும் விதம்

நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிவந்தால்தான் தசை சுருங்கும். 'ஏ' வகை நச்சு, அவ்வெளியேற்றத்திற்குத் தேவையான ஸ்நாப்-25 என்னும் புரதத்தை வெட்டிவிடுகிறது. சில நாட்களில் தசை தளரத் தொடங்குகிறது. சில வாரங்களில் பலன் உச்சத்தை எட்டுகிறது. பின்னர் நரம்பு முனை தன் பணியை மீட்டுக்கொள்ள, இறுக்கமும் திரும்புகிறது.

மனநிறைவின் ஏற்ற இறக்கம்

கழுத்து டிஸ்டோனியா உள்ளவர்களிடம் நடத்தப்பட்ட கருத்தாய்வுகளில், பலன் உச்சத்தில் இருக்கும்போது மனநிறைவு மிகுந்தும், அடுத்த ஊசிக்குச் சற்று முன்னர் மிகக் குறைந்தும் காணப்பட்டது. பொதுவாக 12 வாரங்களுக்குள் மறுபடியும் ஊசி போடப்படுவதில்லை. அடிக்கடி போட்டால் உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்கி, மருந்து பயனற்றுப் போகலாம் என்ற அச்சமே இதற்குக் காரணம். ஆனால் பலருக்கு 12 வாரம் முடியும் முன்பே வலி தொடங்கிவிடுகிறது. இடைவெளி இன்னும் குறுகியதாக இருக்க வேண்டும் என விரும்புவோர் கணிசமாக உள்ளனர்.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. மருத்துவர் நோயாளரைப் பெரும்பாலும் ஊசி போடும் நாளில் மட்டுமே, அதாவது பலன் தேய்ந்துவிட்ட நிலையிலேயே காண்கிறார். நல்ல நாட்கள் எத்தனை, அவை எப்போது முடிந்தன என்பது நோயாளருக்கே தெரியும். வலி திரும்பிய தேதியை நாட்காட்டியில் குறித்துவருவது அளவையும் இடைவெளியையும் முடிவு செய்யப் பெரிதும் உதவும்.

பக்க விளைவுகளும் மனநிறைவைக் குறைக்கின்றன. கழுத்தில் போட்ட ஊசியால் சில வாரங்கள் விழுங்குவது கடினமாகலாம். தலையை நிமிர்த்தி வைக்க இயலாமலும் போகலாம். இமை ஊசியால் மேலிமை தொங்கலாம். இவை தற்காலிகமானவை என்று முன்னரே சொல்லப்படாதவர், ஒருமுறை அனுபவித்தபின் அடுத்த ஊசிக்கு வராமலே இருந்துவிடக்கூடும்.

அளவிடும் முறைகள்

கழுத்து டிஸ்டோனியாவுக்குப் பயன்படும் டொராண்டோ அளவுகோலின் மொத்தப் புள்ளிகள் 85. அதில் 35 கடுமைக்கும், 30 செயலிழப்புக்கும், 20 வலிக்கும் உரியவை. தலை எத்தனை பாகை திரும்பியுள்ளது என்பதை அளப்பது எளிது. கடைத்தெருவில் நடக்கக் கூச்சப்படுவதை அளப்பது எளிதன்று. 24 வினாக்கள் கொண்ட பிறிதொரு வினாத்தாள் அவமான உணர்வு, மனநிலை, வலி, அன்றாடப் பணிகள், குடும்ப உறவு ஆகியவற்றைக் கேட்கிறது. டிஸ்டோனியா உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுதி. இவை தசை தளர்ந்தவுடன் தாமாக நீங்குவதில்லை என்பதால் தனியே கவனிக்கப்பட வேண்டும்.

அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளெய்ஷர் (1928–2020) வலக்கை டிஸ்டோனியாவால் பல பத்தாண்டுகள் இடக்கையால் மட்டுமே வாசித்தார். 1990களில் இவ்வூசியின் துணையுடன் இருகைகளாலும் மேடையேறினார். அவரது நோய் நீங்கவில்லை. ஆனால் அவர் மீண்டும் வாசித்தார்.

தமிழகச் சூழல்

இந்நோய் மனத்தளவிலானது என்ற கருத்து மருத்துவர்களிடமே நெடுங்காலம் இருந்தது. 1970களில் டேவிட் மார்ஸ்டன் போன்றோரின் ஆய்வுகளே அதனை மாற்றின. ஊர்ப்புறங்களில் கழுத்துத் திருகலைச் சுளுக்கு எனக் கருதி வழிக்கும் வழக்கமும், காற்று கருப்பு என ஐயுறும் வழக்கமும் உண்டு. தாடையை விரலால் தொட்டால் கழுத்து நேராகும் விந்தை, இந்நோயின் அடையாளமே. ஆயினும் அதுவே 'நடிக்கிறார்' என்ற பேச்சுக்கும் இடம் தருகிறது.

ஊசியில் பயிற்சி பெற்ற நரம்பியல் மருத்துவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே உள்ளனர். திண்டுக்கல் மாவட்டம், பழனி வட்டத்திலுள்ள நெய்க்காரப்பட்டியை எடுத்துக்கொண்டால், கோயம்புத்தூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். மதுரை அதனினும் தொலைவு. இமை இறுக்கத்திற்கு மட்டும், 1976 இல் மதுரையில் தொடங்கப்பட்ட அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகளை நாடலாம். ஆண்டுக்கு நான்கு முறை துணைக்கு ஒருவரோடு செல்ல வேண்டும். இருவருக்கும் கூலி போகும். கண் திறவாதவர் தனியே பேருந்து ஏற இயலாது.

மருந்தின் விலையும் பெரிய சுமை. கழுத்துக்குத் தேவைப்படும் அளவு இமைக்கானதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஒரு நிறுவனத்தின் அலகு மற்றொன்றின் அலகுக்கு ஈடாகாது. எனவே மலிவானதற்கு மாறும்போது அதே எண்ணிக்கையைக் கேட்டுப் பெறுதல் ஆபத்தானது. பல வகை மருந்துகளை 2 முதல் 8 பாகை செல்சியசு குளிரில் வைத்திருக்க வேண்டும் என்பதால், நகரில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது உகந்ததன்று.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாட்பட்ட நரம்பியல் கோளாறுகளை ஏற்கிறது. பார்க்கின்சன் நோய் எடுத்துக்காட்டாகச் சுட்டப்பட்டுள்ளது. டிஸ்டோனியாவின் பெயர் அப்பட்டியலில் இல்லை.