சாலை விபத்து: 'கேஸ் வேண்டாம், பேசி முடிச்சுக்கலாம்' என்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

2022-ல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள், 4,43,366 பேர் காயமடைந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை.

காயத்தோடு தப்பியவர்களில் பலர் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கேட்கும் வசனம் ஒன்று உண்டு: "கேஸ் எல்லாம் எதுக்குங்க, செலவை நான் பார்த்துக்கிறேன்." எதிரில் நிற்பவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும். ஆனால், விபத்து இழப்பீடு என்பது பேரம் அல்ல. உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்த ஒரு கணக்கு. அதைப் போட்டுப் பார்க்காமல் தலையாட்டினால் எவ்வளவு போகும் என்று பார்ப்போம்.

பணம் தரப்போவது யார்?

பெரும்பாலும் இடித்தவர் அல்ல, அவர் வண்டியின் காப்பீட்டு நிறுவனம். மோட்டார் வாகனச் சட்டப்படி எல்லா வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்காகவே அந்த பிரீமியம் கட்டப்படுகிறது. இன்சூரன்ஸ் இல்லையென்றால் வண்டியின் உரிமையாளர் கையிலிருந்து தர வேண்டும்.

கணக்கு எப்படி?

மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த சம்பளம், கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, இனி செய்ய வேண்டிய சிகிச்சை, வலி, வேதனை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தலைப்பு உண்டு. நிரந்தர ஊனம் இருந்தால் பெரிய தொகை வருவது 'எதிர்கால வருமான இழப்பு' என்ற தலைப்பில்தான்.

ஓர் உதாரணம். உங்களுக்கு வயது 28, நிரந்தர வேலை, மாதச் சம்பளம் 40,000 ரூபாய். விபத்தால் சம்பாதிக்கும் திறன் 20% குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

- ஆண்டு வருமானம்: 4,80,000 ரூபாய்.
- எதிர்காலச் சம்பள உயர்வுக்காக 50% சேர்க்க வேண்டும் (பிரணய் சேத்தி வழக்கு, 2017): 7,20,000 ரூபாய்.
- 26 முதல் 30 வயதுக்குப் பெருக்கல் எண் 17 (சரளா வர்மா வழக்கு, 2009): 1,22,40,000 ரூபாய்.
- அதில் 20%: 24,48,000 ரூபாய்.

இது ஒரு தலைப்புக்கு மட்டும். இப்போது அதே வயது, அதே காயம். ஆனால் நிரந்தர வேலை இல்லை, வருமானத்துக்கு ஆதாரமும் இல்லை. தீர்ப்பாயம் மாதம் 15,000 ரூபாய் என்று உத்தேசமாக எடுத்துக்கொண்டால்? சுயதொழில் செய்பவருக்குச் சேர்ப்பது 40%. கணக்கு 8,56,800 ரூபாயில் நின்றுவிடும். டெலிவரி, ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்களுக்கு வங்கிக் கணக்கு விவரமும் வருமான வரி ரிட்டர்னும் ஏன் முக்கியம் என்பதற்கு இதுவே பதில்.

20% என்று யார் சொல்வது?

டாக்டர் தரும் ஊனச் சான்றிதழில் உள்ள எண் அப்படியே கணக்கில் ஏறாது. அந்த ஊனம் உங்கள் வேலையை எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றது ராஜ்குமார் வழக்கின் தீர்ப்பு (2010). ஒரு கையை இழந்த டிரைவருக்கோ தச்சருக்கோ வருமான இழப்பு கிட்டத்தட்ட 100%. அரசு அலுவலக குமாஸ்தாவுக்கு வேலையே போகாமலும் இருக்கலாம். எனவே, தினமும் என்ன வேலை செய்கிறீர்கள், இப்போது எது முடியவில்லை என்பதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

எங்கே, எப்போது?

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில். விபத்து பெங்களூருவில் நடந்தாலும், நீங்கள் வசிப்பது மதுரை என்றால் மதுரையிலேயே மனு போடலாம். அலைய வேண்டியதில்லை.

கெடு ஆறு மாதம். 1994-ல் நீக்கப்பட்ட காலக்கெடுவை 2019 திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆனாலும் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு. போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாட்களில் விரிவான அறிக்கையும் தர வேண்டும் என்பது விதி. "அவங்க அனுப்பிடுவாங்க" என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

தப்பு என் மேலும் இருந்தால்?

உங்கள் பங்கு 30% என்று முடிவானால், தொகையில் 30% குறையும். மனுவே தள்ளுபடி ஆகிவிடாது. யார் தவறு என்று பார்க்காமல் நிலையான தொகை கேட்கவும் வழி உண்டு: மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், முழு இழப்பீடு கேட்கும் மனு காலாவதியாகிவிடும். மேலே உள்ள கணக்கோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால் அரசுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். இது தவிர, 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட திட்டப்படி, விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குப் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

என்ன எடுத்து வைக்க வேண்டும்?

- எஃப்.ஐ.ஆர் நகல், இடித்த வண்டியின் எண், இன்சூரன்ஸ் விவரம்
- விபத்து நடந்த இடத்தின் படங்கள், பார்த்தவர்களின் தொடர்பு எண்
- டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக்கடை ரசீது உட்பட எல்லா பில்லும்
- சம்பளச் சீட்டு, லீவு எடுத்த நாட்களுக்கு ஆபீஸ் தரும் கடிதம்

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். "வர்ற பணத்துல இத்தனை சதவீதம் எனக்கு" என்று ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தடை செய்யப்பட்ட ஒன்று.

பேசி முடிப்பதே தப்பு என்று இல்லை. லோக் அதாலத்தில் சமரசமாகவே நிறைய வழக்குகள் முடிகின்றன. ஆனால் அங்கே உட்காரும்போது உங்கள் கையில் ஓர் எண் இருக்க வேண்டும். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாளில், அந்த எண் தெரியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.