வாக்னர் அட்டை ஏன் அரிதானது: ஒரு மறுப்பும் அதற்குப் பணிந்த நிறுவனமும்

அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை தன் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து வெளியிட்ட பேஸ்பால் அட்டைகளுள், பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் படம் தாங்கிய அட்டையே இன்று சேகரிப்பாளர் உலகில் மிகுதியாகப் பேசப்படுவது. டி206 என்னும் குறியீட்டை அவ்வட்டைகளுக்கு வழங்கியவர் ஜெபர்சன் பர்டிக் என்னும் சேகரிப்பாளர். அவர் தொகுத்த அமெரிக்க அட்டைப் பட்டியலில் டி என்ற எழுத்து இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளைக் குறிக்கும். ஐந்நூற்று இருபதுக்கும் மேற்பட்ட அட்டைகள் கொண்ட இவ்வரிசையில் பெரும்பாலானவை ஆயிரக்கணக்கில் எஞ்சியிருக்க, வாக்னர் அட்டையில் ஏறத்தாழ ஐம்பது அறுபது பிரதிகளே அறியப்பட்டுள்ளன. அந்த அருமைக்குச் சொல்லப்படும் காரணம் நூறாண்டுகளில் எவ்வாறு உருமாறியது என்பதும், அதற்கு அட்டைகளே தரும் சான்று என்ன என்பதும் இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் வாக்னரின் பேத்தி வழியாக வலுப்பெற்றது. குழந்தைகளை நேசித்த வாக்னர், தம் படத்துக்காக அவர்கள் புகையிலை வாங்குவதை விரும்பவில்லை என்பதும், அதனாலேயே அச்சிடலை நிறுத்தச் செய்தார் என்பதும் அதன் சாரம். ஏலப் பட்டியல்கள் இதையே திரும்பத் திரும்ப எடுத்துரைப்பதால் இது ஐயத்துக்கு அப்பாற்பட்ட வரலாறு போலத் தோற்றம் கொண்டுவிட்டது. ஆயினும் இதற்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று 1912 அக்டோபரில் 'தி ஸ்போர்ட்டிங் நியூஸ்' இதழில் வெளியான ஒரு செய்தியே. பிட்ஸ்பர்க் அணியின் ஆட்டக் கணக்கைப் பதிவு செய்துவந்த பத்திரிகையாளர் ஜான் க்ரூபரிடம், வாக்னரின் சம்மதத்தைப் பெற்றுத் தந்தால் 10 டாலர் தருவதாகப் புகையிலை நிறுவனம் கூறியது. க்ரூபர் வாக்னருக்கு எழுதினார். தம் படம் சிகரெட் பெட்டியில் இடம்பெறுவதில் விருப்பமில்லை என்று வாக்னர் பதில் எழுதியதோடு, க்ரூபர் இழக்கவிருந்த தொகையை ஈடுகட்ட 10 டாலருக்கு ஒரு காசோலையும் இணைத்து அனுப்பினார். க்ரூபர் அதைப் பணமாக்காமல் நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டார் என்பது அச்செய்தி.

இச்செய்தி சிகரெட்டைக் குறிப்பிடுகிறது. குழந்தைகளைப் பற்றிய அக்கறை அதன் மையத்தில் இல்லை. அந்த அக்கறை பிற்காலக் குடும்ப நினைவிலிருந்து வந்து சேர்ந்தது. குடும்ப நினைவைப் பொய்யென்று தள்ளுவதற்கு நியாயமில்லை. ஆனால் அதை 1909ஆம் ஆண்டின் சான்றாக எண்ணுவதற்கும் நியாயமில்லை. இவ்விளக்கத்துக்கு எதிராக வழக்கமாக வைக்கப்படும் வாதங்களும் அத்தனை வலுவானவை அல்ல. வாக்னர் புகையிலை மென்றவர் என்பதற்கு 1948இல் லீப் நிறுவனம் வெளியிட்ட அட்டையே சான்று. அதில் அவர் மெல்லும் புகையிலையோடு காணப்படுகிறார். 1897இல் அவர் லூயிவில் அணியில் ஆடிய காலத்தில் ஹென்றி ரெச்சியஸ் என்னும் சுருட்டு வணிகர் அவர் பெயரில் ஒரு சுருட்டை விற்றதாகவும் காட்டப்படுகிறது. இவற்றைக்கொண்டு வாக்னருக்குப் புகையிலையில் வெறுப்பு இருந்திருக்க முடியாது என்று முடிவு கட்டுவோர், அக்காலத்தில் சிகரெட்டுக்கென்று தனியாக ஓர் இழிபெயர் இருந்ததை மறந்துவிடுகின்றனர். லூசி பேஜ் காஸ்டனின் சிகரெட் எதிர்ப்பு இயக்கம் பரவியிருந்தது; இந்தியானா, விஸ்கான்சின் ஆகிய மாநிலங்கள் 1905இல் சிகரெட் விற்பனையையே தடை செய்தன. மெல்லும் புகையிலையையும் சுருட்டையும் ஏற்றுக்கொண்ட ஒருவர் சிகரெட்டை மட்டும் ஒதுக்குவது அன்றைய சூழலில் முரண்பாடு ஆகாது. அதிகப் பணம் கேட்டே அவர் மறுத்தார் என்னும் மாற்று விளக்கமோ காசோலைச் செய்தியோடு மோதுகிறது. ஆண்டுக்கு 10,000 டாலர் ஊதியம் பெற்றவர், பேரம் பேச வந்தவருக்குத் தம் கையிலிருந்து 10 டாலர் தந்தார் என்பதை அவ்விளக்கத்தோடு பொருத்துவது கடினம்.

பழைய விளக்கத்தின் உண்மையான குறைபாடு வேறு. அது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: வாக்னர் ஏன் மறுத்தார்? அட்டையின் அருமைக்கு விடை தரவேண்டிய கேள்வி அதுவன்று. ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர் மறுத்த மாத்திரத்தில், ஜேம்ஸ் பி. டியூக் உருவாக்கி நாட்டின் சிகரெட் வணிகத்தைப் பெரிதும் தன் கைக்குள் வைத்திருந்த ஒரு நிறுவனம் ஏன் பணிந்தது? ஒருவரின் ஒப்புதலைப் பெற்றுத் தர ஒரு பத்திரிகையாளருக்குக் கூலி கொடுக்கும் நிலை அதற்கு ஏன் நேர்ந்தது? 1880களில் ஓல்டு ஜட்ஜ் சிகரெட் பெட்டிகளில் ஆட்டக்காரர் படங்கள் குவிந்து கிடந்த காலத்தில் எந்தச் சட்டமும் இத்தகைய ஒப்புதலைக் கட்டாயமாக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் என்ன மாறியது என்பதே கேட்கவேண்டியது.

மாறியது சட்டம். அபிகெயில் ராபர்சன் என்னும் இளம்பெண்ணின் உருவப்படத்தை, அவர் அனுமதியின்றி மாவு விளம்பரத்துக்காக 25,000 கல்லச்சுத் தாள்களில் அச்சிட்ட வழக்கில், நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1902இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்லச்சு என்பது கல்லின் மீது எண்ணெய்ப்பசை மையால் வரைந்த உருவத்தை நிறம் நிறமாகத் தாளுக்கு மாற்றும் அச்சுமுறை. டி206 அட்டைகளும் அம்முறையில் உருவானவையே. தீர்ப்புக்கு எதிராக எழுந்த கண்டனத்தின் விளைவாக நியூயார்க் சட்டமன்றம் 1903இல் புதிய சட்டம் இயற்றி, உயிருடன் இருக்கும் ஒருவரின் பெயரையோ படத்தையோ அவரது எழுத்துமூல ஒப்புதலின்றி விளம்பரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்துவதைக் குற்றமாக்கியது. பாதிக்கப்பட்டவர் தடையாணையும் இழப்பீடும் கோர வழி செய்தது. டி206 அட்டைகளை அச்சிட்ட அமெரிக்கன் லித்தோகிராபிக் கம்பெனி நியூயார்க்கில் இருந்தது. இச்சட்டம் அந்த அச்சகத்தின் தொழிலையே நேரடியாகத் தொட்டது.

இங்கே அட்டையின் பின்புறத்தை அணுகிப் பார்க்கவேண்டும். வாக்னர் அட்டையின் முன்புறம் ஆரஞ்சுப் பின்னணியில், கார்ல் ஹார்னர் எடுத்த நிழற்படத்தைத் தழுவிய முகமும், கீழே வாக்னர், பிட்ஸ்பர்க் என்ற எழுத்தும் கொண்டது. ஊர்ப்பெயரின் இறுதியில் எச் இல்லாததை அச்சுப்பிழை என்று சிலர் கருதினாலும், 1891 முதல் 1911 வரை அரசு ஏற்ற எழுத்துக்கூட்டல் அதுவேயாகும். பின்புறத்தில் சிகரெட்டின் பெயர், வரிசையில் உள்ள படங்களின் எண்ணிக்கை, ஆலை எண் ஆகியவை அச்சாகியுள்ளன. அறியப்பட்ட வாக்னர் அட்டைகளில் பெரும்பாலானவை ஸ்வீட் கேபோரல் பெயரையும் சில பீட்மான்ட் பெயரையும் தாங்குகின்றன. எல்லாவற்றிலும் 150 படங்கள் என்ற அறிவிப்பே உள்ளது, பின்னர் வந்த 350 படங்கள் என்னும் அறிவிப்பு எதிலும் இல்லை. ஸ்வீட் கேபோரல் பிரதிகளில் இரண்டு ஆலைகளின் எண்கள் காணப்படுகின்றன: ஒன்று வர்ஜீனியாவின் 25ஆம் எண் ஆலை, மற்றொன்று நியூயார்க்கின் 30ஆம் எண் ஆலை.

இந்த இரு எண்களும் இதுவரை பெறாத கவனத்துக்கு உரியவை. நியூயார்க் சட்டம் வர்ஜீனியாவில் செல்லாது என்று வாதிடலாம். ஆனால் வர்ஜீனியா மாநிலமும் 1904இல் ஏறத்தாழ இதே வகைச் சட்டத்தை இயற்றியிருந்தது. ஆக, வாக்னர் அட்டையின் பின்புறத்தில் பெயர் பெறும் இரு மாநிலங்களிலும், 1909இல் எழுத்துமூல ஒப்புதலின்றி அந்த அட்டையை வெளியிடுவது சட்டச் சிக்கலுக்கு உரியதாக இருந்தது. வாக்னர் வழக்குத் தொடர்வதாக எச்சரித்தார் என்று பின்னாளில் சொல்லப்படுவது உண்மையோ மிகையோ, எச்சரிக்கை இல்லாமலேயே நிறுவனம் அஞ்சுவதற்குக் காரணம் இருந்தது. க்ரூபருக்கு அளிக்கவிருந்த 10 டாலரை ஒரு சம்மதக் கடிதத்தின் விலையாகக் கொண்டால்தான் அச்செய்தி முழுப் பொருள் தருகிறது. இச்சட்டங்களை வாக்னரோடு நேரடியாக இணைக்கும் ஆவணம் எதையும் இக்கட்டுரை காட்டவில்லை. எனினும் சூழ்நிலைச் சான்று குடும்ப நினைவைக் காட்டிலும் இறுக்கமானது என்பதை வலியுறுத்த வேண்டியுள்ளது.

காலவரிசை மட்டும் இன்னும் நெருடுகிறது. ஒப்புதல் கேட்கப்பட்டபோது அட்டை ஏற்கனவே அச்சாகியிருந்தது என்பதை எஞ்சிய பிரதிகளே காட்டுகின்றன. இரண்டு ஆலைகளின் எண்ணும் பின்புறத்தில் அச்சாகும் அளவுக்கு வேலை நடந்திருக்கிறது. வாக்னரின் உடைமைகளுக்கிடையே கிடைத்ததாகச் சொல்லப்படும் சோதனை அச்சுத் துண்டு இவ்விடத்தில் முக்கியமாகிறது. மார்டிகாய் பிரவுன், பிராங்க் பவர்மன், சை யங், ஜானி கிளிங் ஆகியோரோடு வாக்னரும் சேர்ந்து ஐவர் படம் வரிசையாக அமைந்த வெட்டப்படாத தாள் அது. அச்சகத்தின் சோதனைத்தாள் ஓர் ஆட்டக்காரரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்பது, அச்சிடும் முன்போ பின்போ யாரோ அவரிடம் அதைக் காட்டினர் என்பதைக் குறிக்கும். முன்பு என்றால் அவர் பார்த்து மறுத்ததும் பின்பு என்றால் தாம் தடுத்ததை நினைவுக்காக வைத்திருந்ததும் பொருந்தும். எந்த ஆண்டு, எந்த மாதம் அத்தாள் அவரை அடைந்தது என்பதை அதைக்கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. 150 படங்கள் என்னும் அறிவிப்பு 1909க்கும் 1910இன் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது என்பதால், மறுப்பும் அந்த எல்லைக்குள் நடந்திருக்கவேண்டும் என்ற அளவோடு நிற்பது நேர்மையானது.

ஏலச் சந்தையின் வளர்ச்சி இச்சான்றுகளை எளிதாக்கவில்லை. பர்டிக் தம் சேகரிப்பைத் தம் கையாலேயே ஏடுகளில் ஒட்டி நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடையளித்து 1963இல் மறைந்தார். அவரிடமிருந்த வாக்னர் அட்டை இன்றும் அருங்காட்சியகச் சேகரிப்பிலேயே உள்ளது. மிகப் புகழ்பெற்ற மற்றொரு பிரதியை 1991இல் சோத்பீஸ் ஏலத்தில் வெய்ன் கிரெட்ஸ்கியும் புரூஸ் மெக்நாலும் 4,51,000 டாலருக்கு வாங்கினர். தரச்சான்று நிறுவனமான பி.எஸ்.ஏ. அதற்கு 8 என்ற தரம் வழங்கியது. தரச்சான்று என்பது அட்டையின் மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு ஆகியவற்றைச் சோதித்து எண்ணால் மதிப்பிட்டு நெகிழிப் பெட்டியில் மூடி வைப்பது. அப்பிரதியின் விளிம்புகள் பின்னர் வெட்டப்பட்டவை என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. அதை முன்பு விற்ற ஏலதாரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் தாமே அதை வெட்டியதாக ஒப்புக்கொண்டார். அதன் பின்புறத்தில் உள்ளது பீட்மான்ட் பெயர். அது சிகரெட் பெட்டிக்குள் சென்று வந்த அட்டையா, முழுத்தாளிலிருந்து பின்னாளில் கத்தரிக்கப்பட்டதா என்பது தெளிவாகாத நிலையில், மிகப் புகழ்பெற்ற அப்பிரதியே விநியோகம் பற்றிய கேள்விக்கு மிக வலுக்குறைந்த சாட்சி ஆகிறது. 2021இல் 66 லட்சம் டாலருக்கும் 2022இல் 72.5 லட்சம் டாலருக்கும் கைமாறிய பிரதிகள் முறையே 3, 2 என்ற தாழ்ந்த தரம் பெற்றவை. மடிந்தும் தேய்ந்தும் போன அத்தகைய பிரதிகளின் பின்புற அச்சையும் அவை வந்த வழியையும் ஒருங்கே தொகுத்தாலே ஆலைவாரியான விநியோகத்தைக் கணிக்க இயலும். விலைப்பட்டியல் அதற்கு உதவாது.

இவ்வாதத்துக்கு ஒரு தடை உண்டு. பிலடெல்பியா அணியின் எடி பிளாங்க் அட்டையும் இதே வரிசையில் அரிதானது. ஆனால் அது 150, 350 ஆகிய இரண்டு அறிவிப்புகளோடும் கிடைக்கிறது. ஒப்புதலின்மையே அவ்வட்டை நின்றதற்கும் காரணமெனில், அடுத்த வரிசை வரை அது எப்படித் தொடர்ந்தது என்பது விளங்கவில்லை. அச்சுத்தகடு பழுதானதால் நின்றது என்ற பழைய ஊகமோ, கல்லச்சில் பழுதான உருவத்தை மீண்டும் மாற்றி அமைப்பது எளிது என்பதால் ஏற்கத் தயக்கம் தருகிறது. பிளாங்கைப் பொறுத்தவரை சட்ட விளக்கம் இப்போதைக்கு நிறுவப்படாதது. அதை வாக்னருக்கு மட்டும் உரியதாகக் கொள்வதே, அமெரிக்கன் லித்தோகிராபிக் கம்பெனியின் பணிக்குறிப்புகளோ சம்மதக் கடிதங்களோ கிடைக்கும் வரை, தகும்.